இரண்டு கட்டில் உயரம்

சத்தியம் தம்பி, சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், டிரைவர் தலைக்கு மேலே ஆடுகிறதே எலுமிச்சம்பழம், அது இப்போதே வெடித்து என் கண்ணில் தெறிக்கட்டும். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். சத்தியத்தை மெதுவாகச் செய்தால் கேட்கிறவனுக்குச் சந்தேகம் வரும். தவிரவும், நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவன். இதற்குக் கீழே எனக்குக் குரல் வராது.

நீங்கள் டயர் கடை விலக்குக்கு டிக்கெட் கேட்டது காதில் விழுந்தது. அதனால்தான் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்து உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். இதோ டிக்கெட். இன்னும் நாற்பது நிமிஷம் ஓடும். எதையும் சேர்க்காமல் சொன்னால் அந்த நேரம் போதும்.

பேர் சிவனணைந்தபெருமாள். ஆலடிக்குறிச்சி டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டும், எல்லாம் என் வாயில். ரிட்டயராகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஊரில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டைமாபீஸ் என்றால்தான் தெரியும்.

எங்கள் ஊர்க் காலேஜில் ஒரு வாலிபால் டீம் உண்டு. நடுவாந்தர டீம். இந்த வட்டாரத்தில் பதினாறு காலேஜ்கள் மோதும். மேலே நாலு பெரிய காலேஜ். உள்ளரங்கம், ஹாஸ்டலில் பாலும் முட்டையும், வடக்கேயிருந்து இறக்குமதியான ஆள்கள். கீழே ஏழெட்டுக் காலேஜ், ஜெர்ஸி மாட்டிப் போட்டோ எடுக்க வருகிறவர்கள். நடுவிலே நாங்கள். மேலே இருப்பவனுக்குக் கவலை கிடையாது, கீழே இருப்பவனுக்கு ஆசை கிடையாது. எங்களுக்கு ரெண்டும் உண்டு. அதுதான் வியாதி.

காலேஜ் லைப்ரரிக்கு மேற்கே வாலிபால் கோர்ட்டு. கோர்ட்டை ஒட்டி நாலு சிமெண்டுப் படி. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் படியில் நாங்கள் மூன்று பேர். நான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சம்மனசு. பிரியாணிக் கடை காதர் மைதீன். சம்மனசு ஒரு நோட்டு வைத்திருப்பார். எவன் எத்தனை சர்வீஸை வலையில் அடித்தான் என்று கோடு போடுவார். காதர் பாய் ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாசமே கோப்பை நமக்குத்தான் என்று சொல்லிவிடுவார். நான் நடந்ததை நடந்தபடி சொல்கிறவன். ஒரு தடவை எங்கள் பையன் அடித்த பந்து புளியமரத்து உச்சிக்கொம்பில் போய்ச் செருகிக்கொண்டது. மூன்று மாசம் அங்கேயே இருந்தது. காக்கா அதை முட்டையென்று நினைத்து அடைகாத்தது. நான் கண்ணால் பார்த்தேன். நம்பாவிட்டால் போங்கள்.

போன வருஷம் ஆகஸ்டில்தான் சண்டை ஆரம்பித்தது. வட்டாரப் போட்டி அக்டோபர் கடைசியில். அதற்கு முன்னால் எந்தெந்த டோர்னமென்டுக்குப் போவது என்பதுதான் விஷயம். மூன்று அழைப்பு வந்திருந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் போலீஸ் டீம், பாங்க் டீமெல்லாம் வருகிற பெரிய போட்டி. ஒரு கிராமத்தில் கோயில் கொடை விழாப் போட்டி. மலையடிவாரத்தில் இன்னொன்று.

பெரிய போட்டிக்குத்தான் போக வேண்டும் என்றார் சம்மனசு. "பெரிய ஆளுக கிட்ட நாலு தடவை அடி வாங்குனாத்தான் அஞ்சாம் தடவை கால் நடுங்காது."

"தோத்துப் பழகுனா அதுதான் பழகும் வாத்தியாரே," என்றார் காதர் பாய். "புள்ளைக கையில ஒரு கப்பைக் குடுங்க. அதத் தூக்கிட்டு நடந்து வந்தாலே நெஞ்சு நிமிரும்."

நான் இரண்டு பேர் சொன்னதையும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே போகிறோம் என்பது முக்கியமில்லை, எத்தனை நாள் இடைவெளி விட்டுப் போகிறோம் என்பதுதான் முக்கியம் என்றேன். டிரைவருக்குத் தொடர்ந்து டபுள் டியூட்டி போட்டால் மூன்றாம் நாள் மரத்தில் ஏற்றுவான். இது அனுபவம். சம்மனசு, "இவரு எல்லாத்தையும் பஸ்ஸாவே பாக்காரு" என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

பி.டி. சார் எங்களிடம் யோசனை கேட்க மாட்டார். ஆனால் நாங்கள் பேச ஆரம்பித்தால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். ஜெபக்கனி என்று பேர். பதினோரு வருஷமாக அங்கே விளையாட்டு ஆசிரியர். பதினோரு வருஷமும் ஒப்பந்தம்தான், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கடைசியில் அவர் மூன்று போட்டிக்கும் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையில் முதல் நாளே தோற்றோம், கொடை விழாவில் கோப்பை வாங்கினோம், மலையடிவாரத்தில் மழை. மூன்று பேரும் ஆளாளுக்கு, நான் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்கொண்டோம்.

இப்போது பேச்சிராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இறங்கும் இடத்தில் அவனைப் பார்ப்பீர்கள். விலக்கில் இடது கைப்பக்கம் டயர் கடை. லாரி டயரை உருட்டாமல் தூக்கி அடுக்குகிறவன் எவனோ அவன்தான். எங்கள் டீமின் செட்டர். எதிராளி அனுப்பின பந்தை ஒருத்தன் எடுப்பான், இரண்டாவது தொடுகிறவன் செட்டர், அவன் தூக்கிக் கொடுப்பதைத்தான் மூன்றாவது ஆள் அடிப்பான். கைதட்டு மூன்றாமவனுக்கு. ஆனால் பேச்சிராஜ் தூக்கிப் போட்ட பந்து இருக்கிறதே, அது மேலே போய் ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் இறங்கும். பத்து விரல் நுனி, அவ்வளவுதான். சத்தமே வராது. முதுகுக்குப் பின்னாலும் அதே மாதிரி போடுவான்.

உயரம் ஐந்தடி ஏழங்குலம். அங்கேதான் சிக்கல். ஆறேகால் அடி ஆளுக்கு வேலை தானாக வரும். கதவில் தலை இடித்தாலே கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். குட்டைச் செட்டரை ஒரு ஆட்டம் பார்த்து யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்று ஆட்டம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வட்டாரப் போட்டியில் கடைசி நாலு டீமும் ஒன்றோடொன்று மோதும். டீமுக்கு மூன்று ஆட்டம். சர்க்கார் டீம்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். அதற்கு முந்தின ஆட்டங்களை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பேச்சிராஜுக்கு அது கடைசி வருஷம். கடைசி நாலில் நுழைந்தால் அவனை நாலு பேர் பார்ப்பார்கள். நுழையாவிட்டால் அவன் அப்பாவின் சிநேகிதர் கடை இருக்கிறது, டயர் கடை, படிப்பு முடிந்ததும் வந்துவிடு என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவைத்திருந்தார்.

நாங்கள் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கடைசி நாலில் நுழைந்ததில்லை. யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலுக்கு டை ஷீட் என்று பேர். முந்தின வருஷத்து நாலு டீமை நாலு மூலையில் வைத்துவிட்டு, மீதிப் பேருக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பதினோரு வருஷத்தில் ஏழு தடவை எங்கள் சீட்டு பெரிய காலேஜ் ஒன்றின் காலடியில் போய் விழுந்தது. அந்தக் காலேஜின் பேர் வேண்டாம். எப்போதும் அதே காலேஜ். எப்போதும் கால் இறுதி. சம்மனசு அதற்கு நிகழ்தகவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காதர் பாய் அதற்கு வேறொரு பேர் சொன்னார். பஸ்ஸில் பெண்கள் இருக்கிறார்கள், சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு நாள் நான் இதே மாதிரி ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஆள். தொப்பி, கழுத்தில் விசில் கயிறு, மடியில் அந்தப் பெரிய காலேஜின் பேர் போட்ட பை. நான் ஆலடிக்குறிச்சிக்கு டிக்கெட் எடுத்ததைப் பார்த்து, இந்த வருஷம் உங்க டீம் எப்படி என்று அவர்தான் கேட்டார். நானாகத் தொடங்கவில்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னேன், எங்கள் காலேஜுக்கு ஹரியானாவிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், ஆறடி எட்டங்குலம். வெளியே காட்டவில்லை. ஹாஸ்டலில் பின்பக்கத்து அறையில் வைத்திருக்கிறோம். ஒரு கட்டிலில் கால் நீட்ட முடியாமல், இரண்டு கட்டிலைத் தலைமாடும் கால்மாடுமாகச் சேர்த்துப் போட்டுத்தான் படுக்கிறான். காலையில் ஒரு வாளிப் பால்.

அதைப் பொய் என்று சொல்வீர்களோ? பி.டி. சார் ஒரு நாள் பெருமூச்சு விட்டு, வடக்கே இருந்து ஒரு உயரமான பையன் கிடைத்தால் தேவலை என்று சொன்னது நிஜம். நான் அதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன். பஸ் வருவதற்கு முன்னாலேயே வருகிறது என்று மைக்கில் சொல்வதில்லையா, அந்த மாதிரி. அந்த ஆள் இறங்கும்போது திரும்பிக் கேட்டார், "ரெண்டு கட்டிலா?"

"அளந்து பாத்தேன்," என்றேன்.

டை ஷீட் போடுகிற கூட்டம் அக்டோபர் நடுவில். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் படியில் உட்கார்ந்து, பி.டி. சார் வரட்டும் என்று காத்திருந்தோம். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே சிரித்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் காலேஜுக்குச் சீட்டே குலுக்கவில்லையாம். பெரிய காலேஜ் பி.டி.யே எழுந்து, ஆலடிக்குறிச்சி டீம் இப்போது பலமான டீம், அவர்களைச் சீட்டில் விடக் கூடாது, எங்களுக்கு எதிர்ப் பக்கத்து மூலையில் வைக்க வேண்டும் என்று சொன்னாராம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம். முதல் ஆட்டத்தை ஜெயித்தால், கால் இறுதியில் எங்களுக்கு அநேகமாக வாய்க்கப்போவது ஆரம்பித்து இரண்டு வருஷமே ஆன ஒரு காலேஜ்.

"நமக்கும் ஒரு மரியாதை வந்துட்டு," என்றார் பி.டி. சார். "பதினோரு வருசம் கழிச்சாவது கவனிச்சிருக்காங்க."

காதர் பாய் எல்லாருக்கும் பிரியாணி சொன்னார். சம்மனசு நோட்டில் எங்கள் பேருக்கு எதிரே முதன்முறையாக 'கடைசி நாலு' என்று எழுதினார், பென்சிலால். நான் பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே சும்மா இருந்தேன். இந்த வேலையைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை. என் அடக்கம் அப்படி.

போட்டி நடந்தது நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்க் காலேஜில். முதல் நாள் முதல் ஆட்டம் நேராக மூன்று செட்டில் ஜெயித்தோம். பேச்சிராஜ் அன்று போட்ட பந்துகளைப் பற்றிச் சொன்னால் எலுமிச்சம்பழம் நிஜமாகவே வெடிக்கும், விட்டுவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம் ஊருக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கால் இறுதி. ஜெயித்தால் மத்தியானத்திலிருந்து கடைசி நாலு.

விடிந்ததும் காதர் பாய் போனில் பி.டி. சார். பெரிய காலேஜ் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது. வெளியாள் ஒருவனை நாங்கள் ஒளித்துவைத்திருக்கிறோமாம், கடைசி நாலில் இறக்குவதற்காக. அதனால் பன்னிரண்டு பேரின் ஒரிஜினல் சான்றிதழும் ஆட்டத்துக்கு முன்னால் மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஆட்டம் இல்லை. ஒரிஜினலெல்லாம் எங்கள் காலேஜ் அலமாரியில். பி.டி. சார் அந்தப் புகாரைப் போனிலேயே படித்தார். காதர் பாய் ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்டேன். "ஏழடி உயரமுள்ள, விடுதியில் இரண்டு கட்டில்களை இணைத்துப் படுக்கிற" என்று எழுதியிருந்தது.

ஆறடி எட்டு ஏழடியாகிவிட்டது, பாருங்கள். ஜனங்கள் எப்படியெல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள்.

எனக்கு வியர்த்தது. வயசானால் காலையில் வியர்க்கும். ஆபீஸ் கிளார்க்கை எழுப்பி, ஏழு மணிக்கு ஃபைலை வாங்கிவிட்டோம். காதர் பாய் மருமகனின் வேனில் போகலாம் என்றார். நான்தான் தடுத்தேன். வேன் பஞ்சராகும், டீசல் போட நிற்கும். ஏழு நாற்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறது, இடையில் எங்கேயும் நிற்காது, எட்டே முக்காலுக்குக் கொண்டுபோய் விடும். அந்த டைமிங்கைப் போட்டதே நான். ஃபைலை என்னிடம் கொடுங்கள் என்றேன். காதர் பாய்க்கு அன்று ஒரு கல்யாண ஆர்டர் வேறு. கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, "டைமாபீஸ், பேச்சிராஜ் சர்டிபிகேட்டு மேலாப்புல இருக்கு, கசங்காமப் பாத்துக்கிடும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் மூன்றாம் நம்பர் தூணருகே நின்றேன். ஏழு நாற்பது. வரவில்லை. ஏழு ஐம்பது. வரவில்லை. டைம் ஆபீஸில் எட்டிக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். அந்த நாற்காலியில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான். இன்றைக்கு அதில் உட்கார்ந்திருக்கிறவனிடம் போய், ஏழு நாற்பது எப்போது வரும் என்று கேட்பதா? அவன் என்னை ஒரு பிரயாணி என்று நினைத்துவிட மாட்டானா? எட்டு ஐந்துக்குப் பக்கத்தில் நின்ற பூக்காரிதான் தானாகச் சொன்னாள். "அந்தப் பஸ்ஸ நிப்பாட்டி நாலு வருசம் ஆச்சே ஐயா." நிறுத்தினவர்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு கார்டு போட்டிருக்கலாம். போக்குவரத்துக் கார்ப்பரேஷனின் லட்சணம் அப்படி.

நின்று நின்று போகிற பஸ்ஸில் ஏறினேன். ஒன்பதே கால், ஒன்பது இருபதுக்குப் போய்விடும் என்று கணக்கு. உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்தில் ஒரு வயர்மேன். படபடப்புக்குப் பேச்சுதானே மருந்து. பேச ஆரம்பித்தேன். புளியமரத்துப் பந்துக் கதை. காக்கா அடைகாக்கிற இடம் வந்தது, அவர் சிரித்தார், நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன், காக்காக் கூட்டில் குஞ்சு பொரித்து அது விசில் சத்தம் போட்டது என்றேன். கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சொல்லவே இல்லை, தம்பி. வாயைத் திறக்கவில்லை. வயர்மேன் பிற்பாடு, ரெண்டு தடவை கத்தினாரே என்றார். அவருக்குக் காது சரியில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டார்கள். ஆட்டோ கிடையாது. ஃபைலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடினேன். அறுபத்தேழு வயசில் நான் ஓடின ஓட்டத்துக்கு மெடல் கொடுத்திருக்க வேண்டும். மைதானத்துக்குள் நுழையும்போது கோர்ட்டில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்துப் பையன்கள் கைகொடுத்துக்கொண்டு இருந்தார்கள். ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒன்பதே முக்காலுக்கே நடுவர் விசில் ஊதிவிட்டார். ஆடாத ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதுவார்கள், தெரியுமா? இருபத்தைந்துக்குப் பூஜ்யம். இருபத்தைந்துக்குப் பூஜ்யம். இருபத்தைந்துக்குப் பூஜ்யம். மூன்று தடவை எழுதினார்கள்.

பி.டி. சார் மேசை முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஃபைலை வாங்கித் திறந்து, ஒவ்வொரு சான்றிதழாக மேசையில் அடுக்கினார். அதிகாரிகள் எழுந்து போய்விட்டார்கள். அவர் பன்னிரண்டையும் அடுக்கி முடித்தார்.

பையன்கள் என்னை ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். பேச்சிராஜ்தான் ஓடிவந்தான். என் கையைப் பிடித்து நிழலில் உட்காரவைத்தான். கேட்டுக்கு வெளியே போய் ஒரு சோடா வாங்கிவந்து, அவனே உடைத்து, என் வாயருகே பிடித்தான். "மொதல்ல மூச்சு வாங்குங்க தாத்தா," என்றான். "நீங்க என்ன செய்வீங்க." பத்து விரலாலும் புட்டியைப் பிடித்திருந்தான், அப்படியும் சோடா என் சட்டையெல்லாம் தெறித்தது. சில்லென்று இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அப்புறம் என்ன. காலேஜ் நிர்வாகம் விசாரித்தது. வெளியாளை இறக்கப் பார்த்ததும், ஊரெல்லாம் வாய் அளந்ததும் பி.டி.தான் என்று முடிவு கட்டினார்கள். அவர்தானே ஒருமுறை உயரமான பையன் வேண்டும் என்று கேட்டு மனு எழுதியிருந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் அவர் படிக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

"ஏழடி ஆளைக்கூட விட்டுருதேன்," என்றார். "இந்த ரெண்டு கட்டில எவன் யோசிச்சிருப்பான்னுதான் எனக்குப் புரியல."

வெளியூர்க்காரன் வேலை சார் என்றேன் நான். சம்மனசு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார். மறுநாளிலிருந்து அவர் நாலாவது படியில் தனியாக உட்காருகிறார். கண்ணில் புரை விழுந்திருக்கும், தூரத்திலிருந்தால்தான் தெரியும் போலிருக்கிறது. காதர் பாயிடமும் இதைச் சொன்னேன். கடைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் எழுந்து போய்விட்டார்.

பேச்சிராஜும் நிர்வாகம் சொன்னதை நம்பிவிட்டான். பெருமைக்காகப் பி.டி. சார் வாய் விட்டதால்தான் தன் பிழைப்புப் போயிற்று என்று. பரீட்சை முடிந்த மறுநாள் டயர் கடை. சார் போன் பண்ணினால் எடுப்பதில்லை. அவர் இப்போது ஒரு ஸ்கூலில் பாதிச் சம்பளத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கிறார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஒரு நூற்பாலை டீமுக்குச் செட்டர் தேவைப்படுகிறது, வேலையோடு. அவர் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, பேச்சிராஜை இரண்டு நாள் ஆடவைத்துப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, மாவட்ட ஸ்டேடியம். காதர் பாய் போய்ச் சொன்னார். அந்த ஆள் சொல்லி நான் எங்கேயும் போக மாட்டேன் என்று பேச்சிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். காதர் பாய் என்னைப் பார்த்துச் சொன்னார், "நீரு போயிச் சொன்னாக் கேப்பான். சாரு அதச் சொல்லலன்னு சொல்லும். அவன் உம்ம நம்புவான்." உம்ம என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். அது அவர் பேச்சு வழக்கம்.

அதனால்தான் இந்தப் பஸ். போன வெள்ளிக்கிழமையும் வந்தேன். அதற்கு முந்தின வெள்ளியும். ஐந்து வாரம். டயர் கடை விலக்குக்குத்தான் டிக்கெட் எடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள், பேச்சு நீண்டுவிடுகிறது, விலக்கு தாண்டிவிடுகிறது. ஜன்னல் வழியாக அவனைப் பார்ப்பேன். ஒரு தடவை டயரை மேலே நின்றவனிடம் தூக்கிப் போட்டான். பத்து விரலாலும், தம்பி. லாரி டயரை. அது மேலே போய் ஒரு விநாடி யோசித்தது. சத்தியமாக.

இன்றைக்குத்தான் கடைசி வெள்ளி.

கண்டக்டர் கத்துகிறார், கேட்கிறதா? எனக்கு நன்றாகக் கேட்கிறது. எழுந்திருங்கள், உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்... முழங்கால் பிடித்துக்கொண்டது, படி உயரம் வேறு. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்துகொள்கிறேன். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நீல நிறச் சட்டை, அதோ, டயருக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி, மாவட்ட ஸ்டேடியம், போய் ஆடு என்று சொல்லுங்கள். ஜெபக்கனி சார் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, இரண்டு கட்டில் கதை வேறொருத்தன் கட்டினது என்று சொல்லுங்கள். எவன் என்று கேட்பான். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். கிழவன் என்று சொல்லாதீர்கள். டைமாபீஸ் என்ற பேரை மட்டும் தப்பித் தவறியும் எடுத்துவிடாதீர்கள், தம்பி. எடுத்தால், அந்தக் கிறுக்குப் பயல் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கையில் ஒரு சோடாவோடு ஓடி வருவான்.